திங்கட்கிழமை வேண்டாம், வியாழக்கிழமை சேருங்கள்!

போன மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும். என் அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருக்கிறாள். மகனுக்கு அப்போது நாலு மாதம் முடிந்து சில நாள்கள். பின்னணியில் ஃபேன் சத்தம், குழந்தை ‘ம்ம்... ம்ம்...’ என்று குடிக்கிற சத்தம். அவன் தூங்கிவிட வேண்டும் என்பதால் இவள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள்.

“சித்தி, இன்னும் பதினெட்டு நாள்ல ஜாயின் பண்ணணும். திங்கக்கிழமை வருது. இவன் பாட்டிலைத் தொடவே மாட்டேங்கிறான். அத்தை, ‘இப்பவே பவுடர் பால் பழக்கிடும்மா, வேலைக்குப் போனா எப்படியும் வத்தத்தானே போகுது’ங்கிறாங்க. நிஜமாவே வத்திடுமா சித்தி?”

“வத்தாது. ஆனா திங்கக்கிழமை சேராத. மூணு நாள் லீவு சேர்த்துக் கேளு, வியாழக்கிழமை சேரு. மீதியைக் காலையில பேசுறேன்” என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. 2012-ல் இதே கேள்வி எனக்கும் இருந்தது. நான் அதை யாரிடமும் கேட்கவில்லை.

வாஷ் பேசினில் போன பால்

என் மகள் பிறந்தபோது தனியார் நிறுவனங்களில் மகப்பேறு விடுப்பு 12 வாரம்தான். அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டது. அவளுக்கு இரண்டரை மாதமாகும்போது நான் ஆபீஸ் படியேறிவிட்டேன். கழுத்துகூடச் சரியாக நிற்காத குழந்தை. காலை எட்டு மணிக்கு ஒரு முறை கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். பதினொன்றரைக்கெல்லாம் மார்பு கல் மாதிரி ஆகிவிடும். கையைத் தூக்கி மேல் ஷெல்ஃபில் இருக்கும் ஃபைலை எடுக்க முடியாது. அக்குள் வரை வலிக்கும்.

ஒரு நாள் ரிவ்யூ மீட்டிங். அப்போதெல்லாம் குழந்தை சிரிக்கும் சத்தத்தை ரிங்டோனாக வைத்துக்கொள்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து நாற்காலிக்காரரின் போன் அப்படிச் சிரித்தது. அவ்வளவுதான், சுடிதாரின் முன்பக்கம் நனைந்துவிட்டது. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து போனேன். அந்த ஆபீஸில் பெண்கள் தாழ் போட்டுக்கொள்ள இருந்த ஒரே இடம் டாய்லெட். வெளிக்கதவைத் தாழிட்டுவிட்டு, நின்றபடியே வாஷ் பேசினில் பாலைப் பீய்ச்சினேன். யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டதும் எல்லாம் போய்விட்டது. அதே நேரத்தில் வீட்டில் என் அம்மா, ஸ்பூன் கணக்குப் பார்த்துப் பவுடர் பால் கலக்கிக்கொண்டிருந்திருப்பார்.

நாலாவது மாதத்தில் பகலில் மார்பு கனப்பது நின்றது. அப்பாடா என்றுதான் இருந்தது. ஐந்தாவது மாதத்தில் ராத்திரியும் குறைந்தது. மகள் இரண்டு வாய் இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். “வேலைக்குப் போற பொம்பளைக்கு அவ்வளவுதான்” என்றார்கள். நானும் நம்பினேன்.

பெரிய சோகம் எதுவும் நடந்துவிடவில்லை. மகள் நன்றாகத்தான் வளர்ந்தாள், இப்போது என்னைவிட ஒரு விரல் உயரம். பவுடர் பால் கொடுத்த அம்மாக்களைக் கூண்டில் ஏற்றி நிறுத்த இதை நான் எழுதவில்லை. எனக்கு இன்றும் உறுத்துவது வேறு ஒன்று. நிறுத்த வேண்டும் என்று நான் முடிவெடுக்கவே இல்லை. தானாக நின்றது. ஏன் நின்றது என்றுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது.

இறைக்கிற கிணறு

காரணம் சாதாரணமானது. தாய்ப்பால் தொட்டியில் நிரப்பி வைத்த தண்ணீர் மாதிரி இல்லை. இறைக்க இறைக்க ஊறும் கிணறு மாதிரி. குழந்தை உறிஞ்சும்போதும், கையாலோ பம்ப்பாலோ எடுக்கும்போதும், ‘இன்னும் வேண்டும்’ என்ற செய்தி உடம்புக்குப் போகிறது. பால் வெளியேறாமல் மணிக்கணக்கில் தேங்கி நின்றால், ‘இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது’ என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. வேலைக்குப் போவதால் பால் வற்றுவதில்லை. பத்து மணி நேரம் எடுக்காமல் விடுவதால் வற்றுகிறது. நான் வாஷ் பேசினில் விட்டதுகூட வலி தாங்காத நாள்களில் மட்டும்தான். தினமும் இரண்டு முறை உட்கார்ந்து எடுத்திருந்தால் கதையே வேறு.

இன்னொன்றும் எனக்கு அப்போது தெரியாது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன், ராத்திரியில்தான் கூடுதலாக இருக்கும். பகலில் பவுடர் பால் கொடுக்க நேர்ந்தாலும், விடிகாலை, சாயங்காலம், ராத்திரி என்று மூன்று நான்கு முறை நேரடியாகக் கொடுத்து வந்தால் அந்தப் பால் மாதக்கணக்கில் தொடரும். நமக்குத்தான் ‘ஒன்று முழுசாகத் தாய்ப்பால், இல்லாவிட்டால் மொத்தமாக நிறுத்தம்’ என்று ஒரு நினைப்பு. குழந்தைக்கு அப்படிக் கணக்கெல்லாம் கிடையாது. ராத்திரிப் பாலை மட்டுமாவது நான் காப்பாற்றியிருக்கலாம். அதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

27 நாள் கணக்கு

மறுநாள் காலை அவளிடம் முதலில் ஒரு காகிதத்தை எடுத்துவரச் சொன்னேன். “நீ அக்கவுன்ட்ஸ்தானே, கணக்குப் போடு.”

2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 26 வாரம் என்றால் சரியாக ஆறு மாதம். கச்சிதமாகத்தான் தெரிகிறது. ஆனால், அந்த 26-ல் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கால் வீங்கி, இடுப்பு வலித்து, முன்னாடியே லீவு போடாமல் எத்தனை பேரால் இருக்க முடிகிறது? இவள் ஐந்து வாரம் எடுத்துவிட்டாள். பிரசவத்துக்குப் பின் மிச்சம் 21. ஆறு மாதத்துக்கு ஐந்து வாரம் குறைகிறது.

வாரத்துக்கு ஆறு நாள் ஆபீஸ். ஐந்து வாரத்துக்கு 30 நாள். வியாழக்கிழமை சேர்ந்தால் 27.

“இருபத்தேழு நாள்தானா?” என்றாள். குரலே மாறிவிட்டது.

ஆமாம். ஆறு மாதம் முடிந்தால் ராகிக்கூழ், மசித்த வாழைப்பழம், பருப்பு சாதம் என்று ஆரம்பித்துவிடும். பகலில் தேவைப்படும் பாலின் அளவு மெல்ல மெல்லக் குறையும். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம் என்றாலும், கஷ்டமான கட்டம் இந்த முதல் சில வாரங்கள்தான்.

வியாழக்கிழமை ஏன் என்றால், முதல் வாரம் மூன்றே நாளில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குழந்தையோடு இருந்து, மார்பில் நேரடியாகக் கொடுத்து, எது சரிவரவில்லை என்று பார்த்துவிட்டு இரண்டாவது வாரத்தைத் தொடங்கலாம். திங்கட்கிழமை சேர்ந்தால் புதன்கிழமையே அழுகை வந்துவிடும். குழந்தைக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்கு.

அடுத்த கணக்கு, எவ்வளவு பால் வேண்டும் என்பது. ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரையிலான குழந்தைக்கு, அம்மா அருகில் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை பத்து மணி நேரம் என்றால் 300 மில்லி. ஒரு சொம்புகூட இல்லை. ஃப்ரிட்ஜ் நிறைய பாட்டில் அடுக்கி வைத்து, சமூக வலைதளங்களில் சில அம்மாக்கள் போடும் படங்களைப் பார்த்து மிரளாதீர்கள். முதல் நாளுக்கு 300 மில்லியும், கைக்காவலாக ஒரு 100 மில்லியும் இருந்தால் போதும். இன்று ஆபீஸில் எடுப்பது நாளைக்கு வீட்டுக்கு.

பம்ப் வேண்டுமா, கை போதுமா?

கையால் இயக்கும் பம்ப், மின்சாரத்தில் இயங்கும் பம்ப் என இரண்டும் கிடைக்கின்றன. தினமும் மூன்று முறை எடுக்க வேண்டியவர்களுக்கு மின்சார பம்ப் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பம்ப் வாங்கினால்தான் முடியும் என்று இல்லை. கையால் எடுக்கக் கற்றுக்கொண்டால் கரன்ட் வேண்டாம், காசு வேண்டாம், கழுவ வேண்டிய பாகங்களும் கிடையாது.

சோப்பு போட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, கறுப்பு வட்டத்தின் ஓரமாகக் கட்டை விரலை மேலேயும், ஆள்காட்டி விரலைக் கீழேயும் வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரல்களையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். அழுத்து, அமுக்கு, விடு. விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. வலித்தால் செய்முறையில் ஏதோ தவறு. முதல் ஓரிரு நிமிடம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பிறகு பீறிடும். விரல் வைக்கும் இடத்தைச் சுற்றிலும் மாற்றிக்கொண்டே, இரண்டு பக்கமும் மாறி மாறி எடுத்தால் 20 முதல் 30 நிமிடம் ஆகும். எழுத்தில் படித்துவிட்டு இதைச் செய்வது, எழுத்தில் படித்துவிட்டு நீச்சல் அடிப்பது மாதிரிதான். தடுப்பூசி போடப் போகும்போது செவிலியரிடம் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம், அவர்களுக்கு இது தினசரி வேலை.

வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே, காலையில் குழந்தை முதல் முறை குடித்து முடித்த பிறகு ஒரு முறை எடுத்துப் பழகுங்கள். முதல் நாள் 20, 30 மில்லி வந்தாலே அதிகம். என் அக்கா மகள் முதல் நாள் போட்டோ எடுத்து அனுப்பினாள். டம்ளரின் அடி மட்டும் நனைந்திருந்தது. கூடவே அழுகிற பொம்மை. “குழந்தை குடிச்சது போக மிச்சம்தானடி இது” என்றேன். ஒரு வாரத்தில் அது 60 ஆனது.

ஆபீஸில் பால் இறங்கவில்லை என்றால், குழந்தையின் வீடியோவைப் பாருங்கள். அவனைப் போர்த்திய துணியைப் பையில் வைத்திருந்து முகர்ந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம். ரிங்டோனுக்கே சுடிதார் நனைந்த கதையைத்தான் மேலே சொன்னேனே!

பாலாடை இருக்கிறதா பாட்டி வீட்டில்?

இவன் பாட்டிலைத் தொட மாட்டேன் என்கிறானே? தொட வேண்டாம். நம் வீடுகளில் பாலாடை என்று ஒன்று உண்டு, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். சில வீடுகளில் சங்கு. மருந்து புகட்ட மட்டும் அதை வைத்திருக்கிறோம். தாய்ப்பாலைப் புகட்டவும் அதுவே நல்லது. பாட்டிலில் கஷ்டப்படாமலே பால் வந்துவிடுவதால், சில குழந்தைகள் பிறகு மார்பில் உறிஞ்ச அடம்பிடிக்கும். பாலாடையில் அந்தத் தொல்லை குறைவு. கழுவுவதும் சுலபம், வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் முடிந்தது.

புகட்டப் பழக்குவது அம்மா அல்ல, பகலில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ அவர். அம்மா வாசனை பக்கத்தில் இருக்கும்போது எந்தக் குழந்தை கிண்ணத்தில் குடிக்கும்? குழந்தையைச் சற்று நிமிர்த்தி உட்காரவைத்து, கீழுதட்டில் பாலாடையின் மூக்கை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அதுவே நக்கி நக்கிக் குடிக்கும். அவசரப்பட்டு ஊற்றினால் புரை ஏறும். பசி முற்றி வீறிட்டு அழும்போது பழக்கத்தை ஆரம்பிக்காதீர்கள்.

சேமிப்பது பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டும். வெளியே வைத்தால், 25 டிகிரி வரையிலான அறையில் நாலு மணி நேரம் தாங்கும். மதுரையிலும் சென்னையிலும் 25 டிகிரி அறை ஏ.சி ஓடினால்தான் கிடைக்கும். அதனால் எடுத்தவுடன் ஃப்ரிட்ஜுக்கோ, ஐஸ் பேக் போட்ட பைக்கோ போய்விடட்டும். ஐஸ் பேக்கோடு இருக்கும் பையில் ஒரு நாள் வரை வைக்கலாம். ஃப்ரிட்ஜில் நாலு நாள் வரை என்பார்கள். நம் ஊர் கரன்ட்டை நம்பி நான் இரண்டு நாளுக்கு மேல் வைத்ததில்லை. ஃப்ரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக, மூடியுள்ள சுத்தமான ஸ்டீல் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில், எடுத்த நேரத்தை எழுதி ஒட்டி வையுங்கள். ஒரு வேளைக்கு 60 முதல் 90 மில்லி என்று தனித்தனியாக இருந்தால் வீணாகாது.

வைத்த பால் ஆடை மாதிரி மேலே திரண்டு, கீழே தண்ணீராகத் தெரியும். கெட்டுப்போகவில்லை, கொழுப்பு மிதக்கிறது. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது, மைக்ரோவேவும் கூடாது. வெந்நீர் கிண்ணத்துக்குள் பால் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பானதும் கொடுக்கலாம். குழந்தை எச்சில் பட்டு மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிட வேண்டும். கொட்டும்போது மனசு வலிக்கத்தான் செய்யும்.

சூட்டுப் பாலும் கண்ணேறும்

இந்த இடத்தில் மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரை வில்லியாக்க மாட்டேன். பகலெல்லாம் பேரனைப் பார்க்கப் போவது அவர்தான். அவர் மனசு வைக்காவிட்டால் எடுத்து வைத்த பால் ஃப்ரிட்ஜிலேயே இருக்கும்.

அவருக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, ‘வெயில்ல அலைஞ்சு வந்த சூட்டுப் பால் புள்ளைக்கு ஆகாது, முதல்ல பீய்ச்சி விட்டுட்டுத்தான் கொடுக்கணும்.’ என் அம்மாவும் இதையே சொன்னார். நம் அம்மா, பாட்டி எல்லோரும் வயலிலிருந்து வந்த காலத்துப் பேச்சு இது. வெயிலில் வந்தாலும் ஏ.சி-யில் இருந்தாலும் உடம்புக்குள் இருக்கும் பாலின் சூடு மாறுவதில்லை, அது உள்ளேயே கெட்டுப்போவதும் இல்லை. முகம், கை, கால் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உடனே கொடுக்கலாம். ஓடி வந்த களைப்புக்கு அந்தப் பத்து நிமிட உட்காரல் அம்மாவுக்கும் நல்லது.

இரண்டாவது, ‘பாலைக் கிண்ணத்துல எடுத்து எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வச்சா கண்ணு பட்டுச் சுரப்பு நின்னுடும்.’ இதற்கு நான் விஞ்ஞானம் பேசவில்லை. “சரி, ஒரு துணி போட்டு மூடி வைக்கச் சொல்லு” என்றேன். தூசி படாமலும் இருக்குமே!

பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, வெந்தயக் கஞ்சி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். தாய்க்கு நல்ல சாப்பாடு வேண்டும். ஆனால் அதை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பாலை எடுக்காமல் விட்டால், கிணற்றில் பூஜை போட்டுவிட்டு இறைக்காமல் விட்ட கதைதான்.

கணவருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன். ராத்திரி பம்ப் பாகங்கள், டப்பா, பாலாடை எல்லாவற்றையும் கழுவிக் கொதிக்கவைத்து, காலையில் பையில் அடுக்குவது. ‘உதவி’ என்று சொல்ல வேண்டாம், அது அவருடைய வேலை என்றே சொல் என்றேன்.

‘சிரமத்துக்கு மன்னிக்கவும்’

இவ்வளவும் சரி. ஆபீஸில் எங்கே உட்கார்ந்து எடுப்பது? உண்மையில் பலருக்கும் நின்றுபோவது இந்த இடத்தில்தான், எனக்கு நின்றதும் இங்கேதான்.

பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்தில் தினமும் இரண்டு முறை அரை அரை மணி நேரம் என்பதை, சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-லேயே, தன் முதல் மாநாட்டிலேயே எழுதிவைத்தது. நம் நாட்டில் 1961 மகப்பேறு நலச் சட்டத்தில், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு, மற்ற ஓய்வு நேரம் போக. நான் டாய்லெட்டில் நின்றுகொண்டிருந்த 2012-லும் அந்தச் சட்டம் இருந்தது. எனக்கும் தெரியாது, ஹெச்.ஆருக்கும் தெரியாது, அல்லது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. 2020-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த இரண்டு இடைவேளைகள் அப்படியே இருக்கின்றன.

2017 திருத்தம் இன்னும் சிலவற்றைச் சேர்த்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய் வரலாம். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். வேலைக்குச் சேரும்போதே இந்த உரிமைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. “எங்க ஆபீஸ்ல எழுபது பேர் சித்தி. கிரெச்சா? ஜோக் அடிக்காதீங்க” என்றாள்.

சரி, காப்பகத்துக்காகப் பிறகு பேசலாம். 27 நாளைக்கு இப்போது என்ன வேண்டும்? ஹெச்.ஆருக்கு மெயில் எழுதச் சொன்னேன். வாயால் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு போய்விடும். அவள் எழுதி எனக்கு அனுப்பிய மெயிலின் முதல் வரி: ‘சிரமத்துக்கு மன்னிக்கவும்.’ அந்த வரியை நான்தான் அழித்தேன். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: காலை 11 மணிக்கும் மதியம் மூன்றரைக்கும் தலா 25 நிமிடம். உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட். கை கழுவ இடம். ஃப்ரிட்ஜில் ஒரு மூலை. குழந்தைக்கு 15 மாதம் வரை சட்டத்தில் இதற்கு இடைவேளை உண்டு என்று கடைசியில் ஒரு வரி.

இதைப் படிக்கும் மேனேஜர்களே, ஒரு நாளைக்கு 50 நிமிடம். டீக்கடைக்கும் ‘சும்மா கீழே போயிட்டு வர்றேன்’ என்பதற்கும் ஆகும் நேரத்தை ஒரு நாள் கூட்டிப் பாருங்கள். அறை கேட்டு மெயில் வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடுங்கள். அது போதும்.

என் இரண்டாவது குழந்தை 2018-ல் பிறந்தான். அப்போது வேறு ஆபீஸ். 26 வாரம் விடுப்பு கிடைத்தது, ஸ்டேஷனரி வைக்கும் அறையும் கிடைத்தது. ஆனால் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் தினமும் இரண்டு முறை கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். யார் வந்தாலும் “உள்ளாற ஸ்டாக் எடுக்குறாங்க” என்பார். மகன் ஒன்றரை வயது வரை குடித்தான். அந்த அக்கா ஒரு நாள் சொன்னார்: “எம் புள்ளைக்கு ரெண்டு மாசத்துலயே நிறுத்திட்டேன்மா. அப்ப கட்டட வேலை. லீவும் இல்ல, ரூமும் இல்ல.” அவருக்குக் கதவைக் காக்க யாரும் இருக்கவில்லை.

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து 12 மாத விடுப்பு. தனியாரில் 26 வாரம். தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு, நாள்கள் கிடையாது. 2015-ல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள், நல்ல காரியம். அதில் ஒன்று பூட்டிக் கிடப்பதையும், வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்பதையும் ஓர் ஊரில் பார்த்தேன். சாவி யாரிடம் என்று கேட்டுக் கேட்டு வாங்குவதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது.

நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கைக்குழந்தை இருந்தால், அவருக்கு ஹெச்.ஆர் நாம்தான். பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரச் சொல்லலாம். குழந்தையைக் கூட்டி வரச் சொல்லி ஒரு பாய் விரிக்கலாம். சம்பளத்தில் கை வைக்காமல்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். மார்பில் ஓரிடம் சிவந்து, தொட்டால் வலித்து, குளிர் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பயந்துபோய்ப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், எடுக்காமல் விட்டால் இன்னும் மோசமாகும். வேறு எதற்காவது மாத்திரை எழுதும் டாக்டரிடமும் ‘பால் கொடுக்கிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொரு விஷயம், நீங்கள் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் சில குழந்தைகள் பகலில் குறைவாகக் குடித்துவிட்டு, அம்மா வந்த பிறகு ராத்திரி முழுக்கக் குடிக்கும். உங்கள் தூக்கம் கெடும், சுரப்பு கெடாது. சனிக்கிழமை சமையலை யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை அவள் வேலைக்குச் சேர்ந்தாள். பழைய பில்கள் அடுக்கி வைக்கும் அறையைக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் அதே ஃபேன், அதே ‘ம்ம்... ம்ம்...’

“சித்தி, காலையில எழுபது, மத்தியானம் தொண்ணூறு. லஞ்ச்ல எடுக்க முடியல, கட்டிக்கிச்சு, சாயங்காலம் செம வலி. பஸ்ல அழுதுட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா அத்தை முன்னூறையும் பாலாடைல குடுத்து முடிச்சிருக்காங்க. ‘நாளைக்கு இன்னும் அம்பது சேத்து எடு, அவனுக்குப் பத்தல’ங்கிறாங்க. ஃப்ரிட்ஜைத் திறந்தா, டப்பா மேல என்னோட பழைய துப்பட்டா. கூடவே ஒரு காஞ்ச மிளகாயும் வச்சிருக்காங்க சித்தி!”